இரண்டாவது தடவை அழுத்தியது யார்?

அத்தியாயம் 6

“வெளியே போ” என்பதை ஒரு மனிதனிடம் எத்தனை விதமாகச் சொல்லலாம் என்று ரேடியோ அன்றைக்கு ஒரே மதியத்தில் கற்றுக்கொண்டான். மெத்தைத் தொழிற்சாலையின் கேட்டில் காவலாளி தடியைக் குறுக்கே நீட்டிச் சொன்னார். ஆபீஸில் டைப் அடிக்கும் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள். கார் ஷெட்டில் நின்ற, முதலாளியின் தம்பியான சின்னவர் மட்டும் சுற்றி வளைக்காமல் வாயைத் திறந்தே சொல்லிவிட்டார்.

“இது என் இடம். ரெண்டு பேரும் வெளியே போங்க.”

“உங்க இடம் இல்லைன்னு யாரு சார் சொன்னா? இன்ஸ்பெக்டர் வரச் சொன்னார், வந்தோம். அவர் போகச் சொன்னா போறோம்,” என்றான் ரேடியோ. “அதுவரைக்கும் ஒரு மெத்தை போட்டீங்கன்னா உட்கார்ந்து சண்டை போடலாம்.”

“யாரு இந்தக் கோமாளி?”

“என் கொழுந்தன்,” என்றாள் சர்வேயரம்மா. “வாய் கொஞ்சம் நீளம். கையும் வேலை செய்யும், அதனால கூட வச்சிருக்கேன்.”

சர்வேயரம்மா முப்பது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, வண்டிக்காரர்களில் யார் பொய் சொல்கிறார்கள் என்று எழுதிக் கொடுத்தவள். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி ஓயவில்லை. ஓயாமல் பேசுவதால் ரேடியோ என்று பேர் வாங்கியவன் அவளுடைய வீட்டுக்காரரின் தம்பி. பத்து வருஷம் மெக்கானிக் ஷெட்டில் இருந்தான். வேலையில் குறை சொன்னவர் கிடையாது. வாய்தான் அவனை வெளியே தள்ளியது.

இன்ஸ்பெக்டருக்கும் இவர்களைக் கண்டால் ஆகாது. கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

“மேலிடத்துல சொன்னாங்கன்னுதான் கூப்பிட்டேன். கஸ்டடி இன்னையோட முடியுது, அஞ்சு மணிக்குள்ள டிரைவரைத் திரும்பக் கோர்ட்ல நிறுத்தணும். நாலுக்கு நான் கிளம்பிடுவேன். முக்கால் மணி நேரம் இருக்கு. அதுக்குள்ள ஏதாவது கிழிக்க முடிஞ்சா கிழிங்க.”

கேட்டுக்கு வெளியே வெயிலில் அந்த டிரைவரின் மனைவி நின்றுகொண்டிருந்தாள். இதே தொழிற்சாலையில் மெத்தை உறை தைத்தவள். புருஷனைப் பிடித்துக்கொண்டு போன அன்றே அவளையும் தையல் மெஷினைவிட்டு எழுப்பி அனுப்பிவிட்டார்கள். சர்வேயரம்மாவின் வாசலில் வந்து நின்று, “கொலைகாரன் பொண்டாட்டின்னு சொல்றாங்கம்மா” என்று சொல்லி உதவி கேட்டவள் அவள்தான்.

செத்துப்போனவர் பெரியவர். சின்னவரின் கூடப்பிறந்த அண்ணன், தொழிற்சாலையின் முதலாளி. ஊருக்கெல்லாம் மெத்தை செய்து விற்ற மனுஷர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கியது கார் பின்சீட்டில். உள்ளே மெஷின் சத்தம், போதாக்குறைக்குப் பஞ்சுத் தூசி பட்டால் தும்மல். அதனால் தினமும் ஒன்றேகால் மணிக்கு ஷெட்டில் நிற்கும் காரில் ஏறிப் படுத்துக்கொள்வார். யாரும் திறந்து தொந்தரவு செய்யக்கூடாது என்று டிரைவர் வெளியிலிருந்து ரிமோட்டால் பூட்டிவிட்டு, சாவியை ஆபீஸ் பலகையில் மாட்டிவிட்டுப் போவான். தூக்கம் கலைந்ததும் அவரே உள்கைப்பிடியை இழுத்துக்கொண்டு இறங்கி வருவார். எட்டு வருஷமாக இதுதான் நடைமுறை.

மூன்று நாளைக்கு முன்னால் அவர் இறங்கி வரவில்லை. தகரக் கூரை போட்ட ஷெட், நான்கு கதவும் பூட்டு, கறுப்புத் தாள் ஒட்டிய கண்ணாடி, உள்ளே அடைபட்ட வெக்கை, பலவீனமான இதயம். போன் ஆபீஸ் மேஜையில் இருந்தது. மூன்றே முக்காலுக்குச் சின்னவர் கண்ணாடியை உடைத்தபோது உயிர் இல்லை. கதவின் உட்பக்கத்தில் நகம் கீறிய தடம் மட்டும் இருந்தது.

“சின்னவர் வாக்குமூலத்தைப் படிக்கறேன், கேட்டுக்கோங்க,” என்று இன்ஸ்பெக்டர் காகிதத்தைப் பிரித்தார். “‘ஒண்ணரைக்குச் சாப்பிடப் பின்பக்கத்து வீட்டுக்குப் போனேன். மூணரை வரைக்கும் வீட்டிலதான் இருந்தேன். திரும்பி வந்து பார்த்தேன், அண்ணனைக் காணோம். ரிமோட்டை அழுத்தினேன், பாட்டரி செத்திருந்தது, திறக்கலை. இந்தக் கார்ல சாவி போடத் துளையே கிடையாது. கல்லைத் தேடி எடுத்துக் கண்ணாடியை உடைச்சேன்.’ இவர் வீட்டம்மாவும் வீட்டில இருந்தார்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க.”

சின்னவர் தலையை ஆட்டினார். ரேடியோ வாயைத் திறந்தான். அவன் பத்து வருஷம் இந்த மாதிரிக் கதவுகளோடு மல்லுக்கட்டியவன். அண்ணியின் செருப்பு அவன் காலின் மேல் ஏறி அழுத்தியது. திறந்த வாயை மூடிக்கொண்டான்.

“பாட்டரி செத்தா கதவு தானா மாட்டிக்கும், அவ்வளவுதானே?” என்றாள் சர்வேயரம்மா, ஒன்றும் தெரியாதவள் போல.

“குழந்தைக்குக்கூடத் தெரியும்,” என்றார் சின்னவர். “பாட்டரி போச்சு, கதவு இறுகிடுச்சு. காலையிலேயே பாட்டரி சரியில்லைன்னு அந்த டிரைவருக்குத் தெரியும். அண்ணன் திட்டினார்னு வஞ்சம் வச்சு, உள்ள தள்ளிப் பூட்டிட்டு வேனை எடுத்துக்கிட்டுப் போயிட்டான்.”

“குழந்தைக்குத் தெரிஞ்சதெல்லாம் சரியா இருக்கணும்னு இல்லையே. டேய், உள்ள ஏறு.”

ரேடியோ பெரியவரின் காரில் ஏறினான். உடைந்த ஜன்னலை பிளாஸ்டிக் தாளால் மூடியிருந்தார்கள். சர்வேயரம்மா ரிமோட்டை ஒரு தடவை அழுத்தினாள். கதவுகள் ‘டக்’ என்று பூட்டிக்கொண்டன. கான்ஸ்டபிளிடம் பாட்டரியின் கம்பியைக் கழற்றச் சொன்னாள். இப்போது கார் செத்த கார்.

“வாடா வெளியே.”

ரேடியோ உள்கைப்பிடியை இழுத்தான். கதவு சமர்த்தாகத் திறந்தது. இறங்கி நின்று ஒரு கும்பிடு போட்டான்.

“உள்கைப்பிடிக்கும் பூட்டுக்கும் நடுவுல இருக்கறது வெறும் இழுவைக் கம்பி, சைக்கிள் பிரேக்ல இருக்கற மாதிரி,” என்றாள் சர்வேயரம்மா. “கம்பிக்கு கரண்ட் எதுக்கு? பாட்டரி இருந்தாலும் இல்லாட்டியும் உள்ள இருக்கறவர் இறங்கி வரலாம். இப்ப ரெண்டாவது.”

கம்பியை மாட்டி, ரேடியோவை மறுபடி உள்ளே தள்ளி, இந்தத் தடவை ரிமோட்டை அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்தினாள். முதலில் ‘டக்’. அதன் பின்னாலேயே ஒரு சின்ன ‘உர்ர்’. கான்ஸ்டபிள் கம்பியைக் கழற்றினார். ரேடியோ கைப்பிடியை இழுத்தான், ஆட்டினான், காலை வைத்து உதைத்தான். கைப்பிடி தொளதொளவென்று வந்து வந்து போனது. ஹாரனை அமுக்கினான். அதற்கும் மூச்சில்லை.

“இதுக்குப் பேரு டபுள் லாக். கண்ணாடியை உடைச்சுக் கையை விட்டுத் திருடறவனுக்காக வச்சது. ரெண்டாவது தடவை அழுத்தினா ஒரு குட்டி மோட்டார் சுத்தி உள்கைப்பிடியைப் பூட்டுல இருந்து பிரிச்சுடும். அந்த மோட்டார் சுத்த கரண்ட் வேணும். சுத்தின பிறகு பாட்டரி செத்தா, பிரிச்சது பிரிச்சபடியே நிக்கும். அதனால பாட்டரி யாரையும் பூட்டாது, இன்ஸ்பெக்டர். பூட்டினது ஒரு விரல். டிரைவர் எத்தனை தடவை அழுத்தினதாச் சொல்றான்?”

“ஒரு தடவைன்னு. அவன் வேற எப்படிச் சொல்லுவான்?” இன்ஸ்பெக்டர் உதட்டைச் சுழித்தார். “ரெண்டு தடவை அழுத்தியிருக்கான். அவ்வளவுதான். நீங்க அவனுக்கு உதவி பண்ணலை, தூக்குக் கயிறு திரிச்சுக் கொடுத்திருக்கீங்க.”

சின்னவர் முகத்தில் வெளிச்சம் வந்ததை ரேடியோ ஜன்னலின் பிளாஸ்டிக் வழியாகப் பார்த்தான். அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காகி விட்டதே என்று நினைத்துக்கொண்டான்.

“இன்னொண்ணு,” என்றாள் சர்வேயரம்மா. “இந்த பாட்டரியை நீங்க சார்ஜ் போட்டீங்களா?”

“இல்லை. எங்க மெக்கானிக் கம்பியை முறுக்கினான், ஸ்டார்ட் ஆயிடுச்சு.”

“அப்படின்னா அது சாகலை. மேல பாருங்க, சார்ஜ் இருக்குன்னு காட்டற பச்சைக் கண்ணு முழிச்சுக்கிட்டு இருக்கு. யாரோ கம்பியைக் கழட்டி விட்டிருக்காங்க. உள்ள இருக்கறவர் ஹாரன் அடிக்கக் கூடாதுன்னு.”

இன்ஸ்பெக்டர் முதல் தடவையாகச் சுழித்த உதட்டை நேராக்கினார். ஆனால் விடவில்லை. “அதையும் டிரைவர் செஞ்சிருக்கலாம்.”

“செஞ்சிருக்கலாம். டேய், கேட்டுக்குப் போ. அந்தக் காவலாளிகிட்ட ஏதோ இருக்கு. போகும்போது அவர் ஸ்டூலைப் பாரு.”

கான்ஸ்டபிள் கம்பியை மாட்டி ரிமோட்டால் கதவைத் திறந்துவிட, ரேடியோ வியர்வையைத் துடைத்துக்கொண்டு நடந்தான். கேட்டருகே காவலாளி கொளுத்தும் வெயிலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். நாலடி தள்ளி மரம், அடர்த்தியான நிழல், சாய்ந்துகொள்ளத் தோதாகச் சுவர். மரத்தடி மண்ணில் நான்கு குழிகள். ஸ்டூலின் நான்கு கால்களுக்கும் அளவெடுத்தது போல இருந்தன. சுவரில் ஒரு தலையளவுக்கு எண்ணெய்க் கறை.

“அண்ணே, நிழல்மேல என்ன கோபம்?” என்றான் ரேடியோ.

“உனக்கென்ன? போடா.”

“வருஷக்கணக்கா அங்க உட்கார்ந்து சுவருக்கு எண்ணெய் தேய்ச்சிருக்கீங்க. இப்ப வெயில்ல கருவாடா காயறீங்க. யாரு துரத்தினா?”

“வாயை மூடிக்கிட்டுப் போறியா, தடியால ரெண்டு வைக்கவா?”

“வைங்க. மூணு நாளா ஒருத்தன் லாக்கப்புல வாங்கறான், நானும் பங்கு வாங்கிக்கறேன். அவன் பொண்டாட்டி அதோ நிக்கறா. அவகிட்ட உங்க தடியைக் காட்டினீங்களே, கண்ணைப் பார்த்தீங்களா?”

காவலாளி தலையைக் குனிந்தார். தடி மெல்லத் தரைக்கு இறங்கியது.

“சொன்னா வேலை போயிடும்பா. தூங்கினேன்னு தெரிஞ்சா சின்னவர் அடுத்த நிமிஷம் சீட்டைக் கிழிச்சுடுவார். அன்னைக்கு மரத்தடியில கண்ணசந்துட்டேன். பெரியவர் வந்து ஸ்டூலை ஒரு உதை விட்டார். ‘இனிமே உன்னை நிழல்ல பார்த்தேன், வீட்டுக்குப் போயிடு’ன்னார். அவர் கடைசியா என்கிட்ட சொன்னது அதுதான். மீற மனசு வரலை.”

“எத்தனை மணிக்கு?”

“ரெண்டு மணிச் சங்கு ஊதினப்போ. திட்டிட்டுத் திரும்ப ஷெட்டுக்குப் போய்ப் படுத்துக்கிட்டார்.”

“டிரைவர் வேனோட எப்ப வெளிய போனான்?”

“ஒண்ணு இருபது. நோட்டுல எழுதியிருக்கேன். நாலு மணிக்குத்தான் வந்தான்.”

ரேடியோ காவலாளியின் கையைப் பிடித்துத் தரதரவென்று ஷெட்டுக்கு இழுத்துக்கொண்டு ஓடினான். அவர் அங்கே மறுபடி ஒரு தடவை அதையே சொன்னார், சின்னவரைப் பார்க்காமல்.

“டபுள் லாக் போட்டிருந்தா ரெண்டு மணிக்குப் பெரியவர் எப்படி இறங்கினார்?” என்றாள் சர்வேயரம்மா. “டிரைவர் ஒரே தடவைதான் அழுத்தினான். மத்ததெல்லாம் ரெண்டு மணிக்கு மேல நடந்தது. அப்ப சாவி ஆபீஸ் பலகையில. டிரைவர் எங்கேயோ ரோட்டுல. அன்னைக்குக் காலையிலேயே, லீவர் உள்ள இருக்கற பானெட்டைத் திறந்து வைக்கச் சொன்னது யாருன்னு டிரைவர் உங்ககிட்ட சொன்னதா அவன் பொண்டாட்டி சொன்னா, இன்ஸ்பெக்டர். எழுதிக்கிட்டீங்களா?”

இன்ஸ்பெக்டர் தொண்டையைக் கனைத்தார். “சின்னவர் சொன்னார்னான். மெக்கானிக் வருவான்னு. அவன் பேச்சுதானேன்னு விட்டுட்டேன்.”

“பொய்!” சின்னவர் பாய்ந்து வந்தார். “நான் வீட்டுல இருந்தேன். காசு கொடுத்துக் காவல்காரனைப் பேச வைக்கறீங்களா?”

அந்த நேரம் பார்த்துச் சின்னவரின் மனைவி ஷெட்டுக்குள் வந்தாள். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். புருஷனை யாரோ அதட்டுகிறார்கள், கார்க் கைப்பிடியை வைத்துச் சோதனை செய்கிறார்கள் என்று ஆபீஸ் பெண் போன் செய்திருக்க வேண்டும்.

“என்னம்மா இங்க கூத்து? துக்க வீட்டுல வந்து கதவை இழுத்து இழுத்து வித்தை காட்டறீங்க? போலீஸ்காரங்க மூணு நாளா குடைஞ்ச வண்டி, எல்லாம் பிய்ஞ்சு தொங்குது. இதுல கைப்பிடி வேலை செய்யலைன்னு சொன்னா யார் நம்புவா? அதோ நிக்குது எங்க வண்டி. ரெண்டையும் ஒரே நாள்ல வாங்கினோம், ஒரே மாதிரி. அதுல காட்டுங்க பார்ப்போம்!”

“வேண்டாம், நீ வீட்டுக்குப் போ,” என்றார் சின்னவர்.

“ஏன் வேண்டாம்? நானே உட்கார்றேன். இந்தம்மா என்ன பூட்டு போடறாங்களோ போடட்டும். ஒரு கையால திறந்துக்கிட்டு வந்து இவங்க முகத்துல கரியைப் பூசறேன்.”

ரேடியோ, “அம்மா, உள்ள வெக்கை தாங்காது, நான் உட்கார்றேன்” என்று குறுக்கே போனான். அவள் அவனை ஒரு இடி இடித்துத் தள்ளிவிட்டுப் பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். சர்வேயரம்மா ஒரு வினாடி யோசித்தாள். பிறகு சின்னவரிடம் கையை நீட்டினாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவரால் மறுக்க முடியவில்லை. சாவி கை மாறியது.

முதலில் முன்கதவைத் திறந்து உள்ளிருக்கும் லீவரை இழுத்துப் பானெட்டை விடுவித்தாள். கதவைச் சாத்தி இரண்டு தடவை அழுத்தினாள். ‘டக்’, ‘உர்ர்’. ரேடியோ பாட்டரிக் கம்பியைக் கழற்றினான். அவன் ஸ்பானரை வெளியே எடுத்ததும் சர்வேயரம்மா பானெட்டைப் படாரென்று கீழே போட்டாள். அது மூடிக்கொண்டது.

“அண்ணி! லீவர் உள்ள இருக்கு! இப்ப கம்பியை எப்படி மாட்டறது?”

“அட, ஆமாம்ல,” என்றாள் அவள். சாவியைச் சின்னவர் கையில் திருப்பிக் கொடுத்தாள். “உங்க சாவி.”

உள்ளே முதலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு கைப்பிடி ஆடும் சத்தம். பிறகு மறுபக்கத்துக் கைப்பிடி. சிரிப்பு நின்றது. “திறங்க” என்றாள், சாதாரணமாக. அரை நிமிஷம் போயிருக்கும். “திறங்க! மூச்சு முட்டுது!” கண்ணாடியில் உள்ளங்கை அறையும் சத்தம். கறுப்புத் தாளுக்குப் பின்னால் வெளிறிய கை வந்து வந்து மறைந்தது. “ஐயோ, என்னங்க! என்னங்க!”

சின்னவர் ரிமோட்டை அமுக்கினார், மறுபடி அமுக்கினார். காருக்கு உயிர் இல்லை. “கல்லை எடுங்கய்யா!” என்று இன்ஸ்பெக்டர் கத்தினார். கான்ஸ்டபிள் கல் தேடி ஓடினார். ரேடியோ சட்டென்று திரும்பினான். அண்ணியைப் பார்த்தான். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு சின்னவரின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளேயிருந்து ஒரு அலறல் வந்தது.

சின்னவரின் கட்டைவிரல் ரிமோட்டின் பக்கத்திலிருந்த குமிழை அழுத்தியது. உள்ளே ஒளிந்திருந்த சாவி சடக்கென்று வெளியே வந்தது. முன்கதவுக் கைப்பிடியின் ஓரத்தில் இருந்த சின்ன மூடியை நகத்தால் நெம்பி எறிந்தார். மூடிக்கு அடியில் துளை. சாவி நுழைந்தது, திரும்பியது. முன்கதவு திறந்தது. உள்ளே கையை விட்டு மனைவியை முன்சீட்டு வழியாக இழுத்து வெளியே போட்டார். எல்லாமாகச் சேர்த்து நாலு வினாடி ஆகியிருக்காது.

சாவி கதவிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். தலைமயிர் நெற்றியில் ஒட்டியிருந்தது. கொஞ்ச நேரம் அந்தச் சாவியைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

“துளையே கிடையாதுன்னீங்க.”

“பதட்டத்துல... நீ கத்தினே, அப்ப ஞாபகம் வந்துச்சு...”

“என் மடியில தலையை வச்சு அழுதீங்களே. கல்லு கிடைக்கறதுக்குள்ள அண்ணன் போயிட்டாருன்னு.” அவள் காரைக் காட்டினாள். “நான் ஒரு நிமிஷம் இருந்தேன் உள்ள. ஒரு நிமிஷம்! அவரும் கூப்பிட்டிருப்பாருங்க. உங்களைத்தானே கூப்பிட்டிருப்பாரு?”

“வாயை மூடு!” சின்னவர் கையை ஓங்கினார். கான்ஸ்டபிள் பிடித்துக்கொண்டார். “அவன் என்ன செஞ்சான்னு தெரியுமா உனக்கு? இருபது வருஷம் நான் ஓடா உழைச்ச இடம். ஒண்ணாந்தேதியில இருந்து அவன் மகள் வந்து என் நாற்காலியில உட்காருவாளாம்! என் ரூமைக் காலி பண்ணச் சொன்னான். ஒரு வார்த்தை கேட்கலை!”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. தவளை தன் வாயால் கெடும் என்று ரேடியோவின் நாக்கு நுனிவரை வந்தது. தரையில் இருந்தவளைப் பார்த்து அதை விழுங்கிவிட்டான்.

அவள் முழங்காலை ஊன்றி எழுந்தாள். யாரும் கை கொடுக்க அவள் விடவில்லை.

“இன்ஸ்பெக்டர், எழுதிக்கோங்க. அன்னைக்கு இவர் சாப்பிட வீட்டுக்கு வரவே இல்லை. வந்தார்னு நான் போட்ட கையெழுத்து பொய். வீணா சந்தேகப்படுவாங்கன்னு சொன்னார், போட்டேன்.”

இன்ஸ்பெக்டர் எழுதினார். எழுதி முடித்ததும் போனை எடுத்து ஸ்டேஷனுக்கு இரண்டு வார்த்தை பேசினார். சர்வேயரம்மாவுக்கு நன்றி சொல்லவில்லை. “அந்தப் பொம்பளையை உள்ள வச்சுப் பானெட்டை மூடினது ரொம்பத் தப்பும்மா” என்று மட்டும் சொன்னார்.

“தப்புதான்,” என்றாள் சர்வேயரம்மா. “கதவுல இருந்து கண்ணை எடுக்காமத்தான் நின்னேன். ஆனாலும் தப்புதான்.” ரேடியோவின் பக்கம் திரும்பினாள். “நீ போய்ச் சொல்லு.”

கேட்டுக்கு வெளியே டிரைவரின் மனைவி அதே இடத்தில் நின்றாள். ரேடியோ ஓடி வருவதைப் பார்த்ததும் சேலைத் தலைப்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“விட்டுடுவாங்கம்மா. இப்பவே ஸ்டேஷனுக்குப் போங்க. பூட்டினது உங்க வீட்டுக்காரர் இல்லை, சின்னவர்.”

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் ஒரு கேள்வி கேட்டாள்.

“அவர் ஒரு தடவைதானே அழுத்தினார்?”

“ஒரே ஒரு தடவை.”

“நிச்சயமா?”

“நிச்சயமா.”

கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள்.

“லாக்கப்புல கம்பிக்கு இந்தப் பக்கம் நின்னு மூணு நாளும் கேட்டேன். ‘கோபத்துல தெரியாம ரெண்டு தடவை அழுத்திட்டியா, என்கிட்டயாவது உண்மையைச் சொல்லு’ன்னு. நேத்து அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கிட்டார்.” முகத்தை மூடிக்கொண்டாள். “ஊரே கேட்டுச்சு. நானும் கேட்டேன். இப்ப எந்த முகத்தோட போய் நிப்பேன்?”

ரேடியோ அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

“இதே முகத்தோட போங்க,” என்றான். “திறந்து விட்டதும் வெளிய வந்து அந்த மனுஷன் முதல்ல தேடப்போறது அதைத்தான்.”